மூக்குச் சிந்தச் சொல்லிக் கொடுத்தீர்களா?

மூக்கை ஒழுக விட்டுக் கொண்டு பிள்ளை எதிரே வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? "சீ, என்ன அசிங்கம் இது!" என்று முந்தானையால் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்து விடுகிறோம். அது 'ஆ' என்று கத்துகிறது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் பழைய கதைதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். ஆனால் மூக்கை எப்படிச் சிந்துவது என்று, பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, நம்மில் எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

இப்படிச் சொல்லிக் கொடுத்த ஒரு அம்மாள் உண்டு. மரியா மாண்டிசோரி. இத்தாலியில் டாக்டருக்குப் படித்தவர். 1907 ஜனவரியில், ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழை ஜனங்கள் வசிக்கும் பகுதியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகக் 'குழந்தைகள் வீடு' ஒன்றை ஆரம்பித்தார். அங்கே ஒரு நாள் அவர் நடத்திய பாடம், மூக்குச் சிந்துவது. கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, சத்தம் போடாமல், மற்றவர் கண்ணில் படாமல் எப்படிச் சிந்துவது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்து விட்டு, முடிந்ததும் நாடகக் கொட்டகையில் தட்டுகிற மாதிரி கை தட்டினார்களாம். அவருக்கே ஆச்சரியம். யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது என்று எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளை மூக்குக்காக எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், நாலு பேர் எதிரில் அவமானப்படுத்தியிருக்கிறார்கள். ஒருவராவது கற்றுக் கொடுத்ததில்லை.

இந்த அம்மாள் நமக்கு அந்நியரும் அல்ல. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். வந்த இடத்தில் யுத்தம் பிடித்துக் கொள்ள, 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, பித்தான் போடுவது, பெருக்குவது, மேஜை துடைப்பது - இவற்றைத்தான் அவர் சின்னக் குழந்தைகளுக்கு முதலில் கொடுத்தார். இப்போது அவர் பெயரைப் போர்டில் பெரிசாக எழுதி வைத்து விட்டு, இரண்டரை வயசுப் பிள்ளையின் விரலில் பென்சிலைத் திணிக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. என்னத்தைச் சொல்ல!

அவசரம்தான் காரணம்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பெண்களிடம் இதைச் சொன்னால், "அதுக்கெல்லாம் நேரம் எங்கீங்க இருக்குது?" என்றுதான் பதில் வரும். நியாயமான பதில். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஜலகண்டாபுரத்திலும் வீட்டை ஒட்டியே தறி ஓடுகிறது. தூளியில் கிடக்கிற குழந்தை தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகி, கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் விழித்துக் கொண்டு அழும். சேலத்தில் வீட்டுக்குள்ளேயே வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும். காட்டில் மரவள்ளி, வீட்டில் கறவை மாடு, பாலைச் சொஸைட்டிக்குக் கொடுத்து விட்டு வந்தால் கோழிப் பண்ணை வேலை. இதற்கு நடுவில் மூணு வயசுப் பிள்ளை சட்டையை மாட்டிக் கொள்கிறேன் என்று கால் மணி நேரம் மல்லுக்கு நின்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? "வுடு சாமி, நானே போட்டு வுடறேன்" என்று வெடுக்கென்று பிடுங்கி மாட்டி விடுகிறோம்.

ஆனால் ஒன்று பாருங்கள். இரண்டு வயசிலிருந்து நாலு வயசு வரைக்கும்தான் பிள்ளை தானாக வந்து "நான், நான்" என்று நிற்கும். நாம் பெருக்கினால் விளக்குமாற்றைப் பிடுங்கும். மாவு பிசைந்தால் கையை விடும். அப்போதெல்லாம் விரட்டி விட்டு, ஆறு வயசில் "இத்தனை பெரிய கழுதைக்குத் தானா குளிக்கத் தெரியலையே!" என்று அலுத்துக் கொள்கிறோம்.

எல்லாவற்றையும் அதனிடம் விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பால்வாடிக்குக் கிளம்புகிற காலை அவசரத்தில் பாடம் எடுக்காதீர்கள். மத்தியானமோ, பொழுது சாய்ந்த பிறகோ, உங்களுக்குக் கை ஓய்கிற நேரம் பத்து நிமிஷம் போதும். பதினைந்து நாள் அதே வேலை. அது படிந்த பிறகு அடுத்தது.

முட்டை உரிக்கத் தெரியுமா?

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், நாமக்கல் சீமையில் முட்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்! ஊர் உலகத்துக்கெல்லாம் முட்டை அனுப்புகிற ஊரில், நாலு வயசுப் பிள்ளைக்கு முட்டை உரிக்கத் தெரியவில்லை என்றால் நன்றாகவா இருக்கிறது?

முட்டையை வேக வைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு நன்றாக ஆற விடுங்கள். பண்ணையிலிருந்து அன்றைக்கே வந்த முட்டை வேண்டாம். ஓடு சதையோடு ஒட்டிக் கொண்டு வரும், குழந்தை அலுத்துப் போகும். ஐந்தாறு நாள் ஆன முட்டைதான் சுலபமாக உரியும். தரையில் ஒரு தாம்பாளம், ஓடு போட ஒரு கிண்ணம். பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது கை அதற்கு இடது கையாகத் தெரிந்து குழம்பிப் போகும். முதலில் நீங்கள் ஒரு முட்டையை உரித்துக் காட்டுங்கள். தாம்பாளத்தில் லேசாகத் தட்டி, உள்ளங்கையால் ஒரு உருட்டு. பிறகு அகலமான முனையில் ஆரம்பியுங்கள். அந்த முனையில் உள்ளே காற்றுப் பை இருப்பதால் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், பிஞ்சு விரலும் நுழையும்.

உரித்துக் காட்டும்போது வாய் பேசாமல் இருப்பது முக்கியம். சின்னப் பிள்ளைக்கு உங்கள் வாயையும் கையையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. காட்டி முடித்து விட்டு, அதன் முட்டையை அதனிடம் கொடுங்கள். முதல் நாள் பாதி முட்டை ஓட்டோடு போய் விடும். போகட்டும். நீங்கள் கையை நீட்டாமல் இருந்தால் சரி. தானே உரித்த முட்டையை வேண்டாம் என்று தள்ளுகிற பிள்ளை அபூர்வம். தட்டைத் தூக்கிக் கொண்டு பின்னாலேயே ஓடுகிற வேலையும் உங்களுக்கு மிச்சம்.

பால்வாடிக்குப் போகிற பிள்ளைக்கு இது உடனே உபயோகப்படும். 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வயசுப் பிள்ளைகளிலிருந்து சேர்த்தார்கள். 1989-ல் அதில் முட்டையும் சேர்ந்தது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி நாடு முழுவதிலும் 33 இடங்களில் ஆரம்பமாகி, அங்கன்வாடி என்ற பெயரோடு வந்தது. நம் ஜனங்களுக்கு இன்றும் அது பால்வாடிதான். இங்கே பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கை கழுவி, தட்டை எடுத்து வந்து உட்கார்ந்து, தானே சாப்பிட்டு, தட்டைக் கொண்டு போய்ப் போடுகின்றன. அதே பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மடியில் ஏறி வாயைத் திறந்து கொண்டு உட்கார்ந்திருக்கும்! டீச்சரிடமும் ஆயாவிடமும் ஒரு நாள் நின்று, "அங்கே என்னவெல்லாம் தானா பண்ணுது?" என்று கேட்டுப் பாருங்கள். பல தாய்மார்களுக்கு அதிசயமாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். கடலைக்காய் விளைகிற ஊர்களில், தவழும் குழந்தை கையில் கூட இரண்டு பருப்பைக் கொடுத்து விடுகிறார்கள். நாலு வயசு வரை முழுக் கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை எதுவும் கைக்கு எட்டக் கூடாது. மூச்சுக் குழலில் போய் அடைத்துக் கொள்ளும். இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கலாம். தின்கிறபோது ஓடாமல், படுக்காமல், ஓரிடத்தில் உட்கார்ந்து தின்னப் பழக்குவது பல பேர் நினைக்கிற மாதிரி மரியாதைக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும்தான்.

கடைசிப் படியிலிருந்து

உடுப்பு விஷயத்தில் ஒரு தந்திரம் உண்டு. டவுசர் போடச் சொல்லிக் கொடுக்கிறபோது, முதலிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளை தோற்றுப் போகும். இரண்டு காலையும் நீங்கள் நுழைத்து, முழங்கால் வரைக்கும் ஏற்றி விட்டு, இடுப்புக்கு இழுத்து விடுகிற வேலையை மட்டும் அதனிடம் கொடுங்கள். "நானே போட்டேன்!" என்று வீடு முழுக்கச் சொல்லிக் கொண்டு வரும். நாலு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழிருந்து. பிறகு ஒரு காலை அதுவே நுழைக்கட்டும். எந்தக் கட்டத்திலும் வேலையை முடிக்கிறது அதுவாகவே இருக்கும். பித்தான், செருப்பு வார் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். இரண்டு வயசுக்குப் பெரிய பித்தான் கூட வேண்டாம், எலாஸ்டிக் போதும். மூணரை, நாலில் பித்தான் வரும்.

கை கழுவுவதில் சோப்புதான் விஷயம். பல வீடுகளில் சாப்பிடுமுன் விரல் நுனியைத் தண்ணீரில் நனைப்பதோடு சரி. வயிற்றுப் போக்கைத் தடுக்க அது போதாது. சோப்பு உயரத்தில் இருந்தால் பிள்ளை எப்படிப் போடும்? சோப்புத் துண்டைப் பழைய நைலான் வலைப் பையில் போட்டு, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் குழாய் பக்கத்திலேயே தொங்க விடுங்கள். குழாய் இல்லாத வீட்டில் ஒரு வாளியும் சின்னச் சொம்பும். பெரிய சொம்பைக் கொடுத்தால் அதன் கை தாங்காமல் தண்ணீர் கொட்டும், நமக்குக் கோபம் வரும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று இருபது விநாடி தேய்க்க வேண்டும். பிள்ளைக்கு விநாடிக் கணக்கெல்லாம் தெரியாது. அதற்குப் பிடித்த பாட்டு ஒன்றை இரண்டு தடவை பாடி முடிக்கிற வரைக்கும் என்று வைத்துக் கொண்டால் சரியாக இருக்கும்.

கக்கூஸ் பழக்கம்

இதைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டால் பிரயோஜனம் இல்லை. ஒன்றரை வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவில் பிள்ளை தயாராகும். இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறதா, வருகிறபோது முகத்தாலோ சொல்லாலோ காட்டுகிறதா, டவுசரைத் தானே இறக்குகிறதா என்று கவனியுங்கள். இது மூன்றும் வந்த பிறகு ஆரம்பித்தால் சீக்கிரம் பழகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வயசிலேயே சொல்லி விட்டதாமே என்று போட்டி போட வேண்டாம். வீட்டில் புதிசாகத் தம்பி, தங்கை பிறந்திருக்கிற சமயத்திலும் ஆரம்பிக்காதீர்கள்.

வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியிருந்தாலும், அதன் அகலமும் இருட்டும் சின்னப் பிள்ளைக்குப் பயம். உள்ளே விழுந்து விடுவோம் என்று நினைக்கும். முதலில் பிளாஸ்டிக் பேஸினில் உட்கார்த்திப் பழக்கி, பிறகு கக்கூஸுக்கு மாற்றலாம். அப்போதும் கொஞ்ச நாள் கையைப் பிடித்துக் கொண்டு கூட நில்லுங்கள். விளக்கைப் போட்டு வையுங்கள். "குழந்தை மலம்தானே, அதில் ஒன்றுமில்லை" என்று வாசலோரச் சாக்கடையில் கழுவி விடுகிற வழக்கத்தை அவசியம் விட வேண்டும். குழந்தையின் மலத்திலும் பெரியவர்களுடையது போலவே நோய்க் கிருமி உண்டு. அதையும் கக்கூஸில்தான் கொட்ட வேண்டும். அள்ளியவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ராத்திரிப் படுக்கையை நனைப்பது வேறு விஷயம். ஐந்து வயசு வரை அது நோயே இல்லை. "நாளைக்கு நனைச்சியானா சூடு போடுவேன்" என்று சில வீடுகளில் மிரட்டுவதைக் கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் நடப்பதற்குப் பிள்ளை என்ன செய்யும்? பகலில் நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று மறுபடி பகலிலும் நனைக்க ஆரம்பித்தால், எரிச்சலாக இருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் ஊர்த் தண்ணீரும் பல்லும்

பல் தேய்ப்பதில் இந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடி தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. ஈறுக்குள் பல் உருவாகிக் கொண்டிருக்கிற வயசில், அதாவது எட்டு வயசு வரைக்கும், இது அதிகமாக உள்ளே போனால் பின்னால் முளைக்கிற பல்லில் வெள்ளைக் கோடும் காவிக் கறையும் நிரந்தரமாக இருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. காவிரித் தண்ணீர் வருகிற வீடு என்றால், போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக் கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரையே எடுங்கள்.

பேஸ்டிலும் ஃபுளோரைடு உண்டு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். மூணு வயசு வரை ஒரு அரிசி அளவு; அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. அதையும் நீங்களே வைத்துக் கொடுங்கள், டியூபைப் பிள்ளை கையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கிறது என்று விழுங்கி விடும். முதலில் கற்றுக் கொடுக்க வேண்டியது தேய்ப்பது அல்ல, துப்புவது! வெறும் தண்ணீரை வாயில் விட்டு, "யாரு தூரமாத் துப்பறாங்க பார்ப்போம்" என்று வாசலில் ஒரு போட்டி வைத்தால் இரண்டே நாளில் வந்து விடும். பிள்ளை தேய்த்த பிறகு, ஏழெட்டு வயசு வரை நீங்கள் ஒரு தடவை தேய்த்து விடுவது நல்லது. கடைவாய்ப் பல் வரைக்கும் அதன் கை போகாது.

அப்பா ஊரிலிருந்து வந்தால்

லாரிக்குப் போகிற அப்பா, ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போய் மாசக் கணக்கில் தங்குகிற அப்பா - நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர் வந்திருக்கிற நாலு நாளும் பிள்ளைக்குத் திருவிழா. ஊட்டி விடுவார், தூக்கிக் கொண்டே திரிவார், ராத்திரி பதினோரு மணி வரை விளையாட்டு. கிளம்பிப் போன பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி ஆகிறது என்று பெண்கள் குறைப்படுகிறார்கள். எனக்கென்னவோ அந்த நாலு நாள் செல்லத்தைத் தடுக்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, போனில் பேசும்போதே, "உங்க பொண்ணு இப்ப தானே கை கழுவுது, வந்து பாருங்க" என்று சொல்லி வையுங்கள். அப்பா எதிரில் செய்து காட்ட வேண்டும் என்று பிள்ளைக்கே ஆசை வந்து விடும். அப்பாவுக்கும் தான் இல்லாதபோது வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

அம்மிச்சி, அப்பத்தா விஷயம் இன்னும் நுணுக்கமானது. "தானாத் தின்னா புள்ள எளைச்சுப் போயிருஞ் சாமி" என்று அவர்கள் சொன்னால், எதிர்வாதம் செய்து ஜெயிக்க முடியாது. அவர்களையே ஒரு வேலைக்கு வாத்தியாராக்கி விடுங்கள். பூத் தொடுக்க, அவரைக்காய் நார் உரிக்க, கீரை ஆய அவர்களை விட நிதானமாகச் சொல்லிக் கொடுக்க யாரால் முடியும்? விரல் பழக இந்த வேலைகளை விட நல்ல பயிற்சி எந்தக் கடையிலும் விற்கவில்லை.

பழக்கத்தை நம்பக் கூடாத இடம்

தண்ணீரும் நெருப்பும் மருந்தும் இந்தக் கணக்கில் சேராது. கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கலாம், பிள்ளையும் தலையாட்டியிருக்கலாம். பந்து உருண்டால் அது பந்தைத்தான் பார்க்கும். மேட்டூர் வாய்க்கால் ஓரத்து வீடு, சுற்றுச் சுவர் இல்லாத கிணறு, மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி, குளியலறையில் நிறைந்து கிடக்கிற வாளி - இவற்றுக்குத் தடுப்பும் மூடியும் பெரியவர் கண்ணும்தான் காவல். கொலுசு வேலைக்கான அமிலத்தையும் காட்டுக்கு அடிக்கிற மருந்தையும் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஐந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளையிடம் ஜாக்கிரதையை எதிர்பார்ப்பது நம் தப்பு.

எத்தனை நிதானமாகக் காட்டினாலும் ஒரு பிள்ளைக்கு வரவே இல்லை என்று தோன்றினால், மூணு வயசாகியும் சொன்னது புரியவில்லை, டம்ளரைப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை என்றால், அதைச் சோம்பல், பிடிவாதம் என்று தள்ளிப் போடாதீர்கள். பால்வாடிக்குப் பிள்ளைகளைச் சோதிக்க அரசு மருத்துவக் குழு வரும். எப்போது வருகிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டு வைத்துக் காட்டுங்கள். காது கேட்பதில் குறை இருந்து, அதையே அடங்காத பிள்ளை என்று வீட்டில் அடித்துக் கொண்டிருப்பதும் உண்டு.

ஆடி மாசம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கோ, வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்கோ பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் அதற்கு ஒரு மாசம் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டிய பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. தன் பெயர், ஊர், அப்பா பெயர், ஒரு போன் நம்பர். பத்து இலக்கத்தை மூணு துண்டாக்கி ராகம் போட்டுச் சொன்னால் நாலு வயசுப் பிள்ளை பிடித்துக் கொள்ளும். கூட்டத்தில் கை விட்டுப் போனால் ஓடாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும், போலீஸ்காரரிடமோ குழந்தையோடு இருக்கிற வேறொரு அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்பதையும் வீட்டிலேயே விளையாட்டாக நடித்துக் காட்டுங்கள். தனியாக நிற்கிற பிள்ளையை நீங்கள் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யலாம். இன்னொன்று: உன் அம்மா பேர் என்ன என்று கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் "அம்மா" என்றுதான் சொல்லும். இன்று சாயந்திரமே உங்கள் பெயரை அதற்குச் சொல்லிக் கொடுங்கள்.